விளக்கு வீட்டின் கறுப்புக் கோலி

வால்நட் மரங்கள் காய் உதிர்க்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர் ப்ரூவிட்டில் யாரும் மரத்தடியில் காரை நிறுத்த மாட்டார்கள். சோளம் அறுக்கிற மிஷின் கிளப்பிவிட்ட தூசி சாயங்காலமானால் ஊர்மேல் மஞ்சளாகத் தொங்கும். மூக்கெல்லாம் அரிக்கும். அந்த அரிப்போடு அரிப்பாகத்தான் ஹார்லன் கல்லூரியின் பழைய மாணவர்கள் வருஷா வருஷம் வந்து இறங்குவார்கள்.

எங்கள் ஹார்ட்வேர் கடைக்கு அதைவிட நல்ல வாரம் கிடையாது. இண்டியானாவின் நாலா பக்கத்திலிருந்தும் பல் டாக்டர், வக்கீல், பன்றிப் பண்ணைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் பழைய ஜீன்ஸை மாட்டிக்கொண்டு வந்து எதிரே இருக்கிற விளக்கு வீட்டுக்குள் நுழைவார்கள். கொஞ்ச நேரத்தில் ஆணி வாங்க எங்கள் கடைக்கு ஓடி வருவார்கள். தப்பான ஆணியை வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பா எதுவும் சொல்ல மாட்டார். "திரும்பி வருவாங்க, அப்ப சரியானதக் குடு" என்று மட்டும் என் காதில் சொல்வார்.

விளக்கு வீடு ஒரு சகோதர சங்கத்துக்குச் சொந்தம். கதவுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்து இருக்கிறது, ஊரில் யாரும் அதை வாசித்ததில்லை. வாசலில் பித்தளை விளக்கு தொங்குவதால் விளக்கு வீடு. கல்லூரிப் பையன்கள் இருபது பேர் போல அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஒருதடவை சத்தியம் பண்ணிச் சேர்ந்துவிட்டால் சாகிறவரைக்கும் அண்ணன் தம்பிதான். படித்து முடித்துப் போனவர்கள் வீட்டுக்குப் பணம் திரட்டித் தர வேண்டும், அக்டோபரில் வந்து உடம்பாலும் உழைக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வராதவனைப் பற்றி வந்தவர்கள் பேசுவார்கள், அது போதும்.

கீழ்த்தளத்தில் சமையலறைக்குப் பின்னால் இரண்டு அறையில் வெர்னாம்மா இருந்தார். முழுப்பெயர் வெர்னா ஸ்டக்கி. புருஷன் சுண்ணாம்புக்கல் குவாரியில் செத்த பிறகு பையன்களுக்குச் சமைக்க வந்தவர். சம்பளத்தோடு அந்த இரண்டு அறையையும் கொடுத்தார்கள். வேறு வீடு கிடையாது. பிள்ளை குட்டியும் கிடையாது. தங்கச்சி ஒருத்தி மிசௌரியில் சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் இருக்கிறாள். அவளும் இவரும் ஒரே அறையில் ஒரு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் பீங்கான் உடையும்.

அவர் சமைத்த அடுப்பைப் பார்த்திருக்க வேண்டும். பாதி பர்னர் எரியாது. ஓவன் கதவு தானாகத் திறந்துகொள்ளும், இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். அந்த அடுப்பில்தான் உருளைக்கிழங்கு மசியலும், அதன்மேல் ஊற்ற நூடுல்ஸும், தட்டைவிடப் பெரிதாகப் பொரித்த பன்றிக்கறியும், பெர்சிமன் பழப் புட்டிங்கும் வந்தன. "இந்த இடுப்பு போச்சுன்னா உங்களுக்கெல்லாம் பச்ச மாவுதான்" என்பார்.

போன வருஷம் பழைய பையன்கள் ஒரு முடிவெடுத்தார்கள். வெர்னாம்மா பெயரில் புதுச் சமையலறை கட்டுவது. அடுப்பு, விளக்கு, அலமாரி எல்லாம் புதுசு, கதவுக்கு மேலே பித்தளையில் அவர் பெயர். அவருக்குத் தெரியாமல் ரகசியமாகச் செய்ய வேண்டும் என்று தீர்மானம். அந்த ரகசியக் கூட்டத்துக்கு யார் சமைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. வெர்னாம்மாதான் சமைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

பணம் மளமளவென்று சேர்ந்தது. பான்கேக் விருந்து வைத்தார்கள், கார் கழுவினார்கள், ஏலம் விட்டார்கள். அவர் கையால் தின்றவர்கள் கலிபோர்னியாவிலிருந்தெல்லாம் அனுப்பினார்கள்.

அப்புறம் கோடையில் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பக்கத்து மாநிலத்தில் ஏதோ மாணவர் விடுதி எரிந்துபோயிருந்தது. இனிமேல் பையன்கள் தூங்குகிற எந்த வீட்டிலும் கூரையில் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் குழாய் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் லீவுக்குள் போடாவிட்டால் பூட்டு. விளக்கு வீடு நிற்கிற நிலம் கல்லூரியுடையது. ஒரு பருவம் பூட்டிக் கிடந்தால் வீடும் கல்லூரிக்குப் போய்விடும் என்று அந்தக் காலத்தில் எவனோ கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறான். அங்கே கார் நிறுத்த இடம் பண்ணப் போகிறார்கள் என்று முடிவெட்டுகிற கடையில்கூடப் பேச்சு.

செப்டம்பர் பூராவும் க்ளென் வெர்னாம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து, குழாய்க்குப் பணம் கேட்டு போன் போட்டான். க்ளென் பழைய பையன்களில் ஒருத்தன், இன்ஷூரன்ஸ் விற்கிறவன். அவன் வாயைக் கண்டால் கல்லும் பாலிசி எடுக்கும். நான் மாவுச் சல்லடையைச் சரிபண்ணிக் கொடுக்கப் போயிருந்தபோது ஸ்பீக்கரில் ஒரு அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங்க்ளரா? அது எங்கடா இருக்கும்?"

"கூரைக்குள்ளண்ணே."

"வெளிய தெரியாதா?"

"மூக்கு மட்டும் தெரியும்ணே. சின்ன மூக்கு."

"அப்ப என் பேர எங்க போடுவ?"

"தீப்பிடிச்சா தண்ணி கொட்டும்ல, அதுக்கு உங்க பேர வச்சிருவோம்ணே."

போன் வைக்கப்பட்டது. க்ளென் தலையைச் சொறிந்துகொண்டான். வெர்னாம்மா பிஸ்கட் என்கிற குட்டி ரொட்டிக்கு மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "செங்கல்லுன்னு கேளு, ஓடியாந்து குடுப்பான். பெஞ்சுன்னு கேளு, குடுப்பான். தண்ணிக்குழாய்க்கு எவன் குடுப்பான்? நான் செத்து அதுக்குள்ள என்னைய வச்சு அடைச்சாத்தான் குடுப்பான்."

இதைக் கேட்டுக்கொண்டே லோவெல் உள்ளே வந்தார். லோவெல் கீஃபர் பழைய மாணவர்களுக்குத் தலைவர். ஊரில் குழாய் வேலை அவருடையது. உயரமான ஆள், எந்தக் கதவிலும் குனிந்துதான் வருவார், பேசும்போதும் அந்தக் குனிவு போகாது.

"குழாய் பதிக்கிற வேலை என்னோடது. கூலி வேணாம். சாமானுக்கு மட்டும் காசு வேணும். அடுப்படிக் காசு சும்மாதான இருக்கு" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன். என் பேரப் புடுங்கிப் போட்டுட்டுக் குழாயப் போடு."

"நீங்க சொன்னாப் பத்தாதும்மா. அது மெழுகுவத்தி ஓட்டுல வச்சது. மெழுகுவத்தி ஓட்டுலதான் மாத்தணும். எல்லாரும் வெள்ள போடணும். ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு."

"எவன் போடுவான் கறுப்பு? அத்தன பேரும் என் கையில தின்னவனுங்க."

இந்த மெழுகுவத்தி ஓட்டைப் பற்றி வெளியாள் யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் ஊருக்கே தெரியும். நிலவறையில் ஒரு அறை, அங்கே ஒரே ஒரு மெழுகுவத்தி. கரண்ட் விளக்கு போடக் கூடாது. தலைவர் ஒரு தட்டையும் மரப்பெட்டியையும் ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். தட்டில் வெள்ளையும் கறுப்புமாகக் கோலிகள். ஒன்றை எடுத்துப் பெட்டித் துளையில் போட வேண்டும். அந்தக் காலத்தில் வெள்ளைதான் உருண்டை. கறுப்பு சதுரக் கட்டை, இருட்டில் தொட்டாலே தெரியும். கட்டைகளை ஏதோ ஒரு வருஷத்துப் பையன்கள் தொலைத்துவிட்டு எங்கள் கடையில் கறுப்புக் கோலி வாங்கி வைத்துவிட்டார்கள். யார் என்ன போட்டார் என்று எவரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. "என் கை தவறிவிட்டது" என்று போட்டவனே எழுந்து கேட்டால்தான் மறுபடி ஓட்டு, அதுவும் எல்லாரும் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால். இல்லையென்றால் அடுத்த அக்டோபர்.

சனிக்கிழமை காலையில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வெயிலும் காற்றும் சரிபாதி. ஏணிகள் முளைத்தன. ஜன்னல் சட்டங்களின் பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

ஆர்வில் மெட்ஸ்கரும் வந்திருந்தார். இருக்கிறவர்களில் மூத்தவர், எண்பத்தாறு வயது. விதை வியாபாரம் பண்ணி ஓய்ந்தவர். எல்லாருக்கும் பெரியண்ணன். அந்த வீட்டில் அவர் காசு படாத சுவர் இல்லை. மகள் காரில் கொண்டுவந்து விட்டுப் போனாள்.

"ஒக்காருங்க பெரியண்ணே, மேற்பார்வ பாருங்க" என்றான் க்ளென்.

"மேற்பார்வைக்கு நீ இரு. உனக்கு வேலை தெரியாது. எனக்குப் பிரஷ்ஷக் குடு."

நிலவறைப் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடிக்குக் கறுப்பு அடிக்கச் சொன்னார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து செய்யலாம் என்றுதான் அதைக் கொடுத்தது. அரை மணி கழித்து க்ளென் போய்ப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். பாதிக் கைப்பிடி வெள்ளை. ஜன்னல் சட்டத்துக்கு வைத்திருந்த வெள்ளை டின்னை எடுத்துப் பெரியவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் அழகாக அடித்துக்கொண்டே போயிருக்கிறார்.

"பெரியண்ணே, கல்யாணத்துக்கா அலங்காரம் பண்றீங்க?"

ஆர்வில் பிரஷ்ஷோடு ஒரு கணம் அசையாமல் நின்றார். அப்புறம் சிரித்தார். "கறுப்பு யாருக்குடா புடிக்குது? நான் வேணும்னுதான் அடிச்சேன். இருட்டுல உனக்குப் படி தெரியட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெர்னாம்மா மட்டும் சமையலறைக் கதவில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கறியை அவருக்கு மட்டும் துண்டு போட்டுத்தான் தட்டில் வைத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆண்கள் எல்லாம் நிலவறைக்கு இறங்கினார்கள். சமையலறையில் நானும் வெர்னாம்மாவும் மட்டும். ராத்திரிக்கு புட்டிங் செய்ய பெர்சிமன் பழத்தைச் சல்லடையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கொட்டையும் தோலும் மேலே நிற்க, ஆரஞ்சுக் கூழ் கீழே வழியும். கை பிசுபிசுவென்று ஆகிவிடும். தரையில் சூடு வருகிற கம்பித் துவாரம் ஒன்று உண்டு. அது நேரே அந்த ஓட்டு அறையிலிருந்து வருகிறது. கீழே எறும்பு தும்மினாலும் மேலே கேட்கும்.

டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

"கோலி விழுது" என்றேன்.

"தெரியும். தேய்."

டக். டக். எத்தனையோ விழுந்தன. ஒரு தடவை மட்டும் இடைவெளி நீண்டது. கண்ணாடிக் கோலிகள் தட்டில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் வந்தது, யாரோ விரலால் தடவுகிற மாதிரி. வெர்னாம்மாவின் கை நின்றது. அப்புறம் டக்.

பெட்டியைத் திறந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. இத்தனை பேர் இருக்கிற அறை அப்படி இருக்க முடியாது. கடைசியில் ஆர்விலின் குரல்தான் வந்தது, விதை மூட்டை ஏலம் விட்ட அதே குரல்.

"எவன்டா அது? வெர்னா கையில தின்னுட்டு அவ தலையில கல்லப் போட்டவன் எவன்? கேக்கக் கூடாது, கேக்கல. ஆனா அவன் நாக்குல இனிமே ருசி தட்டாது."

 வெர்னாம்மா சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெர்னாம்மா, அது வந்து..."

"வாய மூடு. பழம் கறுத்துரும். தேய்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஞாயிறு காலை எல்லாரும் பிஸ்கட்டும் கிரேவியும் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். அதற்குள் ஏதாவது நடந்தால்தான் உண்டு. விடிந்ததும் லோவெல் சமையலறைக்கு வந்தார். ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போல. நான் பால் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் கவனிக்கவே இல்லை.

"நான் மூஞ்சியத் திருப்பிட்டுதான் நின்னேன். பாக்கல. ஆனா பெரியண்ணன் விரல் தட்டுல தேடுன சத்தம் கேட்டுச்சும்மா."

"எனக்கும் கேட்டுச்சு."

"எல்லாருக்கும் தெரியும். க்ளெனுக்குத் தெரியும். ராத்திரி அவன் ஒரு ஜோக்கு கூடச் சொல்லல."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னேம்மா. இப்பத்தான். 'பெரியண்ணே, நேத்து வெளிச்சம் கம்மியா இருந்துச்சோ'ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். என்னையப் பாத்தாரு. 'லோவெல், நீ என் ஓட்டக் கேக்குறியா? இத்தன வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்ல'ன்னாரு. நான் இல்லண்ணேன்னுட்டு வந்துட்டேன்." லோவெல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சங்கத்து ஆளு இல்ல. உங்களுக்குச் சத்தியம் கெடையாது. நீங்க கேக்கலாம்."

வெர்னாம்மா கொஞ்ச நேரம் கிரேவியைக் கிண்டினார். அடுப்பைத் தணித்தார். ஒரு தட்டில் பிஸ்கட்டைப் பிட்டுப் போட்டு, கிரேவி ஊற்றி, ஒரு கிண்ணத்தில் நேற்றைய புட்டிங்கும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனார். காப்பிக் கூஜாவோடு நானும் பின்னால் போனேன். ஆர்வில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது, அவர் கண்ணைச் சுருக்கவில்லை.

"ஆர்விலண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஒக்காரு வெர்னா. நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவர் கை மேஜைமேல் தடவிக் கரண்டியைக் கண்டுபிடித்தது. "ஜூன்ல என் மக என் கார் சாவியப் புடுங்கிட்டா. தெரியுமா?"

"தெரியாதே."

"செக்குப் புத்தகத்தையும் எடுத்துட்டா. நல்லதுக்குத்தான். சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்துவேன்ல, அதையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எல்லாரும் ரொம்ப நல்லவங்க. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க, கையில இருந்த எல்லாத்தையும் வாங்கிட்டாங்க." ஒரு வாய் தின்றார். "இந்த வீட்டுலதான் எனக்கு இன்னும் ஒரு கோலி குடுக்குறாங்க. மத்தவனுக்கு என்னவோ அதே. நேத்து அதக் கையில வாங்குனப்ப, வெர்னா, உனக்காகன்னு நெனச்சுதான் போட்டேன். வெள்ளக் கோலி. சொல்லக் கூடாது. உன்கிட்ட சொல்லலாம், நீ ஆம்பள இல்லையே."

வெர்னாம்மா புட்டிங் கிண்ணத்தை அவர் கைப்பக்கம் நகர்த்தினார்.

"என்னமோ கேக்கணும்னியே?"

ஹாலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அத்தனை முதுகும் கேட்டுக்கொண்டிருந்தன. வாசலில் லோவெல் தலையைக் குனிந்து நின்றார்.

"புட்டிங்குக்குக் க்ரீம் ஊத்தவான்னு கேக்கணும்" என்றார் வெர்னாம்மா.

"இது ஒரு கேள்வியா? ஊத்து."

சாப்பிட்டு முடித்துப் பழைய பையன்கள் ஒவ்வொருவராக வெர்னாம்மாவைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். சிலர் அழுதார்கள். க்ளென் எங்கள் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், ஆணி டப்பாக்கள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

நவம்பரில் லோவெல் கல்லூரிக்கு நடையாய் நடந்தார். அங்கே எல்லாரும் மரியாதையாகக் காப்பி கொடுத்தார்கள். அவகாசம் கொடுக்கவில்லை. வேறு வழியில் பணம் புரட்டப் பார்த்தார்கள், குழாய்க்குக் கொடுக்க ஆளில்லை. அப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. சமையலறைக்கென்று வைத்த காசு சமையலறைக்குத்தான். ஓட்டு அப்படித்தான் சொல்லிவிட்டது. சனிக்கிழமைதோறும் பழைய பையன்கள் வந்து சமையலறையைக் கட்டினார்கள். பூட்டப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று அப்பா கேட்டார். லோவெல், "கையச் சும்மா வச்சுக்கிட்டு இருக்க முடியல" என்றார். எங்கள் கடையில்தான் கீல்களும் கைப்பிடிகளும் வாங்கினார்கள். இந்தத் தடவை ஒருத்தர்கூடத் தப்பாக வாங்கவில்லை.

வெர்னாம்மா முன்னறையில் சின்ன மின்சார அடுப்பு வைத்து அவர்களுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்தார். மற்ற நேரத்தில் தன் இரண்டு அறையையும் அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கட்டினார். "தங்கச்சி வீட்டுல சமையலறைன்னு ஒண்ணு கெடையாது. ஒரு மூலை இருக்கு. அதுல அவ பூனை படுத்துருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

டிசம்பரில் கடைசிப் பரீட்சை முடிந்து பையன்கள் மெத்தையும் பெட்டியுமாகப் போய்விட்டார்கள். பூட்டுகிற நாளன்று பொழுது இருட்டுகிற நேரத்தில் புதுச் சமையலறையைத் திறந்தார்கள். வெளியே பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர்தான் வந்தார்கள். ஆர்விலை லோவெல் போய் அழைத்து வந்தார். புது அடுப்பில் முதல் சமையலாக வெர்னாம்மா பெர்சிமன் புட்டிங் செய்தார். ஓவன் கதவு பூப்போல மூடியது. பழக்கத்தில் அதை அவர் இடுப்பால் ஒரு இடி இடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஆர்வில் தன் கையைத் தூக்கிக் கதவுக்கு மேலே பிடிக்கச் சொன்னார். பித்தளைப் பலகையில் எழுத்தெழுத்தாக விரலை ஓட்டினார். "வெர்னா ஸ்டக்கி. நல்லாப் பெரிசா போட்டுருக்கானுங்க" என்றார். அப்புறம் மேஜையில் ஜன்னல் பக்கம் பார்க்க உட்கார்ந்தார். அவருக்கு எதிரே வெர்னாம்மா தட்டை வைத்து, கரண்டியை அவர் விரலில் படுகிற மாதிரி சாய்த்துவிட்டார்.

"அந்தக் கறுப்பு போட்டவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலண்ணே" என்றார் வெர்னாம்மா.

"அவன் வரல பாத்தியா. மூஞ்சி இருந்தால்ல வருவான்."

க்ளென் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரண்டைத் துண்டிக்கக் கல்லூரியின் எலக்ட்ரீஷியன் வந்து கதவருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். எங்கள் கடைக்கு வருகிற மனுஷன்தான். "நீங்க சாப்ட்டு முடிங்க, நான் நிக்குறேன்" என்று மெல்லச் சொன்னார்.

"உங்க வேலையப் பாருங்க தம்பி. பனியில வீட்டுக்குப் போகணும்ல" என்றார் வெர்னாம்மா.

எலக்ட்ரீஷியன் நிலவறைக்கு இறங்கினார். பிரிட்ஜை ஏற்கெனவே காலிபண்ணி வயரைப் பிடுங்கியாகிவிட்டது. கரண்ட் போனால் நிற்பதற்கு அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. கீழே ஒரு சுவிட்சை இழுத்ததும் கூரையில் வரிசையாக எரிந்த புது விளக்குகள் அத்தனையும் அணைந்தன. ஜன்னலில் பனியின் மங்கல் மட்டும் மிச்சம் இருந்தது. நாங்கள் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆர்வில் புட்டிங்கைத் தின்றுகொண்டிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்து நிமிர்ந்தார்.

"இந்த லைட்டெல்லாம் யாரு குடுத்ததுடா லோவெல்?"

லோவெலின் நாற்காலி இருட்டில் கிரீச்சிட்டது.

"யாரு குடுத்திருந்தாலும் சரி. அந்தப் பழைய குண்டு பல்பு மாதிரியா. என்னா வெளிச்சம்."

யாரோ கரண்டியைத் தட்டில் வைத்தார்கள்.  வெர்னாம்மா எழுந்து, மேஜையைத் தொட்டுத் தொட்டு அவர் பக்கம் போனார். அவர் கையை எடுத்துக் காப்பிக் கோப்பைமேல் வைத்தார்.

"ஆமாண்ணே, நல்ல வெளிச்சம்" என்றார். "சூடா இருக்கு. பாத்துக் குடிங்க."